உண்மை மாதிரி இருக்கும், ஆனால்... (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஆங்கிலச் சேனல்களில் 'ஃபேக்டாய்டு' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. சுவாரசியமான குட்டித் தகவல் என்று அர்த்தம் என்கிறாள் என் மகள். அகராதியில் பார்த்தால் 'நிரூபிக்கப்படாத, ஆனால் உண்மையென்று நம்பப்படும் தகவல்' என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
- வாசகி, திருச்சி

இரண்டு பேர் சொல்வதும் சரி, வம்பே அதுதான். ஆனால் அகராதி சொல்லும் அர்த்தம்தான் மூத்தது, உங்கள் மகள் சொல்வது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. இதற்குத் தெரியும். 1973ஆம் ஆண்டு, அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மெய்லர் நடிகை மர்லின் மன்றோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மர்லின் 1962 ஆகஸ்டில், 36 வயதில் இறந்துபோனவர். அவரைப் பற்றி சினிமா ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு எழுதிவிட்டது, கிசுகிசு நிருபர்கள் எழுதினார்கள், மர்லினே பேட்டிக்குப் பேட்டி வேறு வேறு கதை சொல்லியிருந்தார், அதையெல்லாம் முன்னால் எழுதியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து எழுதியிருந்தார்கள். இதில் எது நடந்தது, எது எழுதப்பட்டதால் மட்டுமே 'நடந்தது' ஆனது என்று பிரிக்க முடியாத நிலை. அந்தக் குவியலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று மெய்லர் உண்டாக்கியதுதான் ஃபேக்டாய்டு. ஒரு பத்திரிகையிலோ செய்தித்தாளிலோ அச்சாவதற்கு முன்னால் உலகத்தில் எங்குமே இல்லாத 'உண்மை' என்பது அவர் கொடுத்த விளக்கம். அதைப் பொய் என்று அவர் சொல்லவில்லை, மக்களின் உணர்ச்சியைத் தட்டியெழுப்பத் தயாரித்த சரக்கு என்றுதான் சொன்னார்.

சொல்லின் முன்பாதி 'ஃபேக்ட்', அதாவது உண்மைத் தகவல். பின்பாதி 'ஆய்டு', கிரேக்கத்தில் உருவம் என்று பொருள்படும் 'எய்டோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எதோடு சேர்க்கிறோமோ, 'அதன் உருவத்தில் இருப்பது, அது மாதிரியானது' என்ற அர்த்தம் வரும். உங்களுக்குத் தெரியாத விகுதி இல்லை இது. கழுத்தில் இருக்கும் தைராய்டு என்றால் கேடயத்தின் உருவில் இருப்பது. வானத்துச் சிறுகோளுக்கு ஆஸ்டிராய்டு, அதாவது நட்சத்திரம் மாதிரி என்று 1802இல் வில்லியம் ஹெர்ஷல் பெயர் வைத்தார், அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் அது நட்சத்திரப் புள்ளி மாதிரிதான் தெரிந்தது, ஆனால் நட்சத்திரம் இல்லை. ஆண்ட்ராய்டு மனிதன் மாதிரி, மனிதன் இல்லை. ஃபேக்டாய்டு அப்படித்தான்: உண்மை மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லைக் கொடுத்த புத்தகமே ஃபேக்டாய்டு விளையும் வயலாகத்தான் இருந்தது. மர்லினுடைய மரணத்தில் உளவுத்துறைக்குப் பங்கு இருக்கலாம், கென்னடி குடும்பத்தோடு தொடர்பு இருக்கலாம் என்றெல்லாம் மெய்லர் அதில் ஊகங்களை எழுதிவைத்தார். புத்தகம் வந்த சூட்டில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மைக் வாலஸ் பிடித்துக் கேட்டபோது, பணம் ரொம்பத் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஊகங்கள் அதற்கப்புறம் எத்தனையோ புத்தகங்களில் ஊகம் என்ற அடைமொழியை உதறிவிட்டு உலா வந்தன.

கேள்வி: அப்படியானால் 'குட்டித் தகவல்' என்ற அர்த்தம் எப்படி வந்தது?
- கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

தொலைக்காட்சியும் வானொலியும் செய்த வேலை. சி.என்.என். ஹெட்லைன் நியூஸ் சேனல் செய்திகளுக்கு நடுவில் ஒரு வரித் தகவல்களை 'ஃபேக்டாய்டு' என்ற தலைப்போடு திரையில் போட்டது. இங்கிலாந்தில் பி.பி.சி. ரேடியோ 2இல் ஸ்டீவ் ரைட் பாட்டுக்குப் பாட்டு நடுவே இதே பெயரில் துணுக்குகள் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார். கேட்டவர்களுக்கு மெய்லரையும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. சொல்லின் ஒலியை வைத்து 'சின்ன ஃபேக்ட்' என்று எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க் டைம்ஸில் மொழி பற்றி எழுதிவந்த வில்லியம் சஃபயர், சின்னத் தகவலுக்கு 'ஃபேக்ட்லெட்' என்று தனியாக ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் பத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிந்து கீழே நாலு வரி இடம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு துணுக்கு போகும். 'தங்கமீனுக்கு மூன்று வினாடிதான் ஞாபகம்' என்ற வகையறா. அதற்கு ஆதாரம் கேட்க உதவி ஆசிரியருக்கு நேரம் கிடையாது, இடம் நிரம்பினால் போதும். பயிற்சி கொடுத்தால் வாரங்கள் கழித்தும் தங்கமீன் ஒலியைக் கேட்டு உணவுக்கு வருகிறது என்று சோதனைகள் காட்டியபிறகும் அந்தத் துணுக்கு மட்டும் சாகவில்லை. துணுக்கும் நிரூபிக்கப்படாத தகவலும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை என்பதால்தான் பெயரும் ஒன்றாகிவிட்டதோ என்னவோ.

கேள்வி: வதந்தி, புரளி, கட்டுக்கதை என்று நம்மிடம் ஏற்கெனவே இவ்வளவு சொற்கள் இருக்கும்போது ஃபேக்டாய்டு எதில் வேறுபடுகிறது?
- தமிழாசிரியர், காரைக்குடி

வதந்தி வாயால் பரவுவது, கேட்பவருக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கும், "அப்படியாமே" என்ற 'ஆம்' அதோடு கூடவே வரும். புரளியில் கிளப்பிவிட்டவன் ஒருவன் இருப்பான், பொய் என்று தெரிந்தே செய்வான். ஃபேக்டாய்டில் அந்த 'ஆம்' கிடையாது, வில்லனும் பெரும்பாலும் கிடையாது. அச்சில் வந்தது, நல்ல இடத்தில் வந்தது, ஆகவே உண்மை. கர்ணபரம்பரைக் கதைக்கு நேர் எதிர்த் திசையில், எழுத்திலிருந்து வாய்க்கு வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு அருமையான உதாரணம் ஒன்று. தென் அமெரிக்காவில் கோவாட்டி என்று நீண்ட மூக்குள்ள ஒரு விலங்கு உண்டு. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் விக்கிப்பீடியாவில் அந்த விலங்கின் பக்கத்துக்குப் போய், 'பிரேசில் ஆர்ட்வார்க் என்றும் அழைக்கப்படும்' என்று ஒரு துண்டு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார். சும்மா விளையாட்டுக்கு. ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோவாட்டிக்குச் சொந்தமே கிடையாது. ஆனால் பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்து எழுதின, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகத்திலும் ஏறிவிட்டது, அப்புறம் விக்கிப்பீடியாவில் அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக அந்தச் செய்தியையே இணைத்துவிட்டார்கள்! 2014இல் 'நியூ யார்க்கர்' இதழ் இந்தக் கதையை வெளியிட்டபோது அந்தப் பெயருக்கு ஆறு வயது.

இந்தச் சுழற்சிக்கு 2011இல் கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ 'சைட்டோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தார். மேற்கோளிலிருந்து பிறப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்பதே ஒரு தசமப்புள்ளித் தவறால் வந்த நம்பிக்கை என்று படித்தேன். பாப்பாய் கார்ட்டூனும் அதனால்தான் வந்ததாமே? இதை ஃபேக்டாய்டுக்கு உதாரணமாகச் சொல்லலாமா?
- மருந்தாளுநர், மதுரை

தாராளமாகச் சொல்லலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

நீங்கள் படித்த கதை இப்படிப் போகும்: 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஸ்பினாச் என்ற கீரையின் இரும்புச்சத்தை அளந்தார், எழுதும்போது தசமப்புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார், இரும்பு பத்து மடங்கு கூடிவிட்டது, உலகமே கீரை தின்ன ஆரம்பித்தது, கார்ட்டூன் மாலுமி பாப்பாயும் பலம் வரக் கீரை டப்பாவைப் பிதுக்க ஆரம்பித்தார். அறிவியல் எப்படித் தப்பு செய்யும், எண்ணைச் சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல மேடைக்கு மேடை எடுத்துவிடும் கதை இது. இதைப் பிரபலமாக்கியது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1981 டிசம்பரில் டி. ஜே. ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரை. தலைப்பே 'போலி!' என்று பொருள்படும் சொல்தான். போலி ஆராய்ச்சிகளைப் பற்றிய அந்தக் கட்டுரையில் கீரைக்கதைக்கு எந்த ஆதாரமும் குறிப்பிடப்படவில்லை.

2010இல் இங்கிலாந்தின் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் இதைத் துருவ ஆரம்பித்தார். பழைய கட்டுரைகளைத் தேடிப்பிடித்துப் படித்தார், பாப்பாய் படக்கதைகளின் பழைய பிரதிகளையும் புரட்டினார். தசமப்புள்ளி நகர்ந்ததற்கு எங்கும் தடயம் இல்லை. பாப்பாய் விஷயம் இன்னும் நன்றாக இருக்கிறது: பாப்பாயை உருவாக்கிய எல்சி செகார் 1932இல் வரைந்த படக்கதையில் பாப்பாய் வாயாலேயே காரணம் சொல்லிவிடுகிறார், கீரையில் வைட்டமின் ஏ இருக்கிறதாம், அதனால்தான் பலமாம். இரும்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஆக, ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வந்த கதையே ஆதாரமில்லாத கதை. 2014இல் நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால், ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதை மூலத்தைப் படிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்துக்கொண்டே போவதை வைத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். படிப்பவனுக்கு 'ஊர் நம்புவது பொய், எனக்கு மட்டும் உண்மை தெரியும்' என்ற சந்தோஷத்தைக் கொடுக்கிற ஃபேக்டாய்டுகள்தான் படித்தவர்களிடம் வேகமாக ஓடும். அந்த வகையை நான் ரொம்பச் சந்தேகிப்பேன்.

நீங்கள் மருந்தாளுநர் என்பதால் ஒரு குறிப்பு. அந்தக் கீரையில் 100 கிராமுக்கு 2.7 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது, குறைவில்லை, ஆனால் அதிலுள்ள மற்றச் சேர்மங்கள் தடுப்பதால் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அப்புறம், பாப்பாய் தின்பதைத் தமிழில் 'பசலைக்கீரை' என்றே எழுதி வருகிறோம். நம் கொடிப்பசலை முற்றிலும் வேறு செடி. கடையில் பாலக் என்று கட்டு கட்டாக விற்கிறார்களே, அதுதான் அவர் கீரைக்குப் பக்கத்தில் வரும்.

கேள்வி: சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே?
- வாசகர், சேலம்

மனிதன் நிலாவுக்குப் போவதற்கு இருநூறு வருடம் முன்பிருந்தே சொல்லிவருகிறார்கள். 1754இல் வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயர் ஒரு கடிதத்தில் எழுதினார், 1932இல் ரிப்ளியின் 'நம்பினால் நம்புங்கள்' என்ற பத்திரிகைப் பகுதி படம் போட்டுச் சொன்னது. சுவர் பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அகலம்கூடக் கிடையாது, நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு தலைமுடியைப் பார்க்க முடியும் என்கிறவர் இதையும் பார்க்கலாம். 2003 அக்டோபரில் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய், பூமிக்கு இவ்வளவு பக்கத்தில் சுற்றிவந்தும் சுவரைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் சீனப் பாடப்புத்தகங்களில் இருந்தே அந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. நீளத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரிவதற்கு அகலம் வேண்டும்.

கேள்வி: அடுத்து தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதையும் ஃபேக்டாய்டு என்று சொல்லிவிடுவீர்களோ?
- கும்பகோணத்துக்காரர்

சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் போனால் விமானத்தின் நிழல் மேற்குப் பிராகாரத்தில் கிடக்கும், சாயங்காலம் கிழக்கே நீளும். எல்லாக் கட்டடத்துக்கும் போலத்தான். 'அது காலை, மாலையில். நண்பகலில்தான் விழாது' என்று அடுத்த வாதம் வரும். சரி, அதையும் பார்ப்போம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10.8 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் விமான நிழல் விமானத்தின் மேலேயே அடங்கிவிடும், உண்மைதான். அன்றைக்கு உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் நிழல் வெளியே நீளாது, சென்னையிலோ மதுரையிலோ தேதி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். மேலே போகப் போகக் குறுகும் வடிவம் என்பதால் பெரிய கோவிலுக்கு இன்னும் பல நாட்கள் கூடுதலாக அப்படி இருக்கும்.

டிசம்பர் கடைசியில் கதை வேறு. நண்பகலிலேயே சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56 பாகை உயரத்தில்தான் இருக்கும். 216 அடி விமானம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உச்சியின் நிழல் மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 145 அடி தள்ளி விழ வேண்டும். விமானத்தின் அடிப்பகுதி மையத்திலிருந்து ஐம்பது அடிதான். மிச்சம் எங்கே போகும்? சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கிற வடக்குப் பக்கம்தான். மார்கழி மத்தியானம் ஒருமுறை போய் அங்கே நின்று பாருங்கள், வெயிலுக்கு இதமாகவும் இருக்கும்.

எனக்கு இதில் இருக்கிற வருத்தம் ஒன்றே ஒன்று. அந்தக் கோவிலின் சுவர் முழுக்க உண்மை எழுதியிருக்கிறது. ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தான் என்று நாள் கணக்கோடு கல்வெட்டு இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோவில் நடனப் பெண்களை, பல ஊர்க் கோவில்களிலிருந்து வரவழைத்து, யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள், ஆளுக்கு வருடத்துக்கு நூறு கலம் நெல். தான் கொடுத்ததோடு அக்காள் குந்தவை கொடுத்ததையும், மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்ன அரசன் அவன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் ஊரின் வீட்டு முகவரிப் பட்டியல் கண் முன்னால் இருக்கும்போது நிழலைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: படித்தவர்கள்கூட ஏன் இவற்றை நம்புகிறார்கள்? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதிகம் அனுப்புகிறார்கள்.
- பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்கள் நிலைமை புரிகிறது.

1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அறுபது வாக்கியங்கள், எது எவ்வளவு உண்மையாக இருக்கும் என்று மதிப்பெண் போட வேண்டும். சில வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்த வாக்கியங்களுக்கு, அவை பொய்யாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. பழகிய வாக்கியத்தை மனசு தடங்கல் இல்லாமல் படித்துவிடுகிறது, அந்தச் சுலபத்தையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

விஷயம் தெரிந்திருந்தால் தப்பிக்கலாம் என்றுதான் நானும் நினைப்பேன், ஆனால் 2015இல் லிசா ஃபேஸியோவின் குழு அதையும் சோதித்தது. அவர்கள் கொடுத்த பொய்களில் ஒன்று, ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் 'சாரி', அதாவது நம் சேலை, என்பது! சரியான விடை 'கில்ட்' என்று தெரிந்தவர்களிடமும் திரும்பத் திரும்பப் பார்த்தது வேலை செய்தது. பேராசிரியர்களைக் குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். 'இது முதலில் எங்கே வந்தது மாமா, நானும் படிக்கிறேன்' என்று தனியாகக் கேளுங்கள். முதல் இடம் தெரியாத தகவல்தான் பாதிக்கு மேல் இருக்கும்.

கேள்வி: ஆதாரமில்லாத செய்திக்கு ஆங்கிலத்தில் 'கனார்ட்' என்றும் சொல்கிறார்களே, அதுவும் ஃபேக்டாய்டும் ஒன்றா?
- வாசகர், யாழ்ப்பாணம்

உறவுதான், ஆனால் கனார்ட் கொஞ்சம் கெட்ட எண்ணம் கொண்டது. யாரையாவது இழுக்காக்கப் பரப்பும் பொய்க்குத்தான் அதிகம் பயன்படும். பிரெஞ்சுச் சொல், பிரெஞ்சில் 'கனார்' என்றால் வாத்து. 'வாத்தைப் பாதி விற்பது' என்று அந்த மொழியில் பழைய வழக்கு ஒன்று உண்டு, ஏமாற்றுவது என்று பொருள். பாதி வாத்தை விற்றால் விற்ற மாதிரியும் இல்லை, விற்காத மாதிரியும் இல்லை. பிற்பாடு பாரிஸ் தெருக்களில் கூவி விற்ற பரபரப்புத் தாள்களுக்கே 'வாத்து' என்று பெயர் விழுந்து, பேச்சுவழக்கில் செய்தித்தாள் என்றாலே வாத்து என்றானது. 1915இல், முதல் உலகப்போர்த் தணிக்கைக் காலத்தில், பாரிஸில் ஒரு நையாண்டிப் பத்திரிகை 'சங்கிலியிட்ட வாத்து' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு வந்தது, லெ கனார் ஆன்ஷெனே. பெயர்தான் அப்படி, பிரான்சில் அமைச்சர்கள் பதவி இழக்கும் அளவுக்கு ஆதாரத்தோடு செய்தி போடுகிறவர்கள். இன்றும் புதன்கிழமைதோறும் வருகிறது, விளம்பரம் வாங்குவதில்லை.